ஒரே துணியில் நாலு பேர்

எட்மோன் துணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்ததும் தனலட்சுமி நிறத்தைப் பார்க்கவில்லை, தரத்தைத் தடவிப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி அளக்கத் தொடங்கிவிட்டாள். தையல்காரி புத்தி என்று அவன் நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும். அவனுக்கும் பையனுக்கும் சட்டை, அவளுக்கு ஒரு கவுன், சின்னவளுக்கு ஒரு கவுன். மேசை விளிம்போடு துணியை இழுத்து இழுத்துப் பார்த்ததில் நாலு பேருக்கும் தாராளமாக வந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

வந்த மூச்சு பாதியில் நின்றது. போன வருஷம் கப்பலேறிய ஜான்-க்ளோட் வீட்டிலும் எல்லாருக்கும் சேர்த்துத்தானே துணி எடுத்தார்கள்?

"போதுமா, போலெட்?" என்று கேட்டான் எட்மோன்.

"போதும்," என்றாள்.

போலெட் என்பது அவள்தான். ரோஸ் பெல்லில் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தபோது வைத்த பெயர் தனலட்சுமி. எட்மோனைக் கட்டிக்கொண்டு போ பசான் ஊருக்கு வந்ததும் மாதா கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு அந்தப் பெயரையும் கழுவிவிட்டார்கள். இத்தனைக்கும் மாமியாரே பொன்னுசாமி என்ற தமிழர் வீட்டுப் பெண்தான். அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு வராதவள் அல்ல. தனலட்சுமியின் அப்பா அழுதார் என்பதற்காகத் தாலியை மட்டும் விட்டுவைத்தார்கள். வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியில்தான். தமிழ் அவளுக்குக் கோவிலில் முருகனோடும், வீட்டில் சின்னவளைக் கொஞ்சும்போதும் மட்டும்.

அது அறுபத்தேழாம் வருஷம். ஆகஸ்டில் தேர்தல் முடிந்து, அந்தத் தீவு வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்டுத் தனிநாடாகப் போகிறது என்பது முடிவாகிவிட்டது. பாதிப் பேர் வெடி வெடித்தார்கள், மீதிப் பேர் பெட்டி கட்டினார்கள். எட்மோன் பெட்டி கட்டுகிற கூட்டம். போர்ட் லூயியில் அரசாங்க எழுத்தர் வேலை. வெள்ளைக்காரன் போன மறுநாளே தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுவான் என்று அவன் மனசில் விழுந்துவிட்டது. தினமும் பஸ்ஸில் யாராவது ஒருவர் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றி அனுப்பினார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டால் குடும்பத்தோடு எடுத்த போட்டோ ஒன்றும் அனுப்ப வேண்டும் என்றார்கள். மனுவைப் படிப்பதற்கு முன்னால் போட்டோவில் தோலைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; ஆனால் தெருவில் அதை நம்பாதவர் ஒருவர் இல்லை. எட்மோன் அப்பா வழியில் வெள்ளை ரத்தம் கொஞ்சம் உண்டு. அவன் மாநிறத்துக்கும் மேலே. பையன் ஜான்-போல் அப்பாவை உரித்து வைத்தவன். சின்னவள், ஏழு வயசு ஒதில், தாயைக் கொண்டு பிறந்துவிட்டாள். நல்ல கறுப்பு. சிரித்தால் அழகு சொட்டும். ஆனால் அழகை அங்கே யார் கேட்டார்கள்?

மெல்பர்னிலிருந்து எட்மோனின் தங்கை மிரெய் யோசனைகள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். இங்கே இருந்தவரை ரோஸ்-ஹில் சந்தைக்குக்கூடத் துணையில்லாமல் போகத் தெரியாதவள். கப்பல் ஏறி ஒரு வருஷத்தில் உலகமே அவள் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. தூய வெள்ளை வேண்டாமாம், முகத்தைக் கறுப்பாக்கிக் காட்டிவிடுமாம். பூப்போட்டது வேண்டாம், பளிச் நிறம் வேண்டாம். வெண்ணெய் நிறம் நல்லது. முழுக்கை வேண்டும், பெண்களுக்குக் கையுறை வேண்டும். பொட்டு, மூக்குத்தி, தலையில் பூ, எதுவும் கூடாது.

"எல்லாரும் ஒரே துணியில இருந்தா பார்க்கிறவன் கண்ணு ஒவ்வொருத்தரா பிரிச்சுப் பார்க்காதாம்," என்றான் எட்மோன். "குடும்பமாத்தான் பார்க்குமாம். மிரெய் சொல்றா."

நாத்தனார் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் தனலட்சுமியின் காதில் தங்கியது.

மறுநாள் அவள் சாக்குக் கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஜோசியான் வந்து நின்றாள். ஒன்பது வயசுப் பெண், ஒதில் மாதிரியே நல்ல கறுப்பு. தெருக்கோடியில், ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற ஞானத்தாயோடு இருக்கிறாள். ஜான்-க்ளோடின் மூன்றாவது மகள். போன வருஷம் அந்த வீட்டுக்கு ஆஸ்திரேலியா போட்டோவுக்கென்று வெளிர் பச்சைத் துணியில் உடைகள் தைத்துக் கொடுத்தவள் தனலட்சுமிதான். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஐந்து பேருக்கும். ஜோசியானுக்கு வைத்த பஃப் கையைப் பார்த்து ஜோசியானின் அம்மா, பக்கத்தில் நின்ற ஒதிலின் கன்னத்தைக் கிள்ளி, "உனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லு," என்றாள். ஐந்து பேரும் ஜம்மென்று ஸ்டுடியோவுக்குப் போனார்கள். கப்பலில் போனது நாலு பேர்.

"தாந்தி, இதைக் கொஞ்சம் இறக்கி விடுங்க," என்று அந்தப் பச்சைக் கவுனை நீட்டினாள் ஜோசியான். அத்தையைத் தாந்தி என்றுதான் கூப்பிடுவார்கள் அங்கே. "குட்டையாப் போச்சு. அப்பா கூப்பிடறப்ப இதைத்தான் போட்டுக்கிட்டுப் போகணும்."

"ஏன், வேற கவுன் இல்லையா உனக்கு?"

"இது எங்க எல்லார்கிட்டயும் இருக்கு, தாந்தி. அங்க இறங்கினதும் அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியணும்ல? ஆறு மாசத்துல கூப்பிடறேன்னாரு அப்பா."

ஆறு மாசம் எப்போதோ முடிந்துவிட்டது. கீழ் மடிப்பை ஏற்கெனவே ஒருமுறை பிரித்து இறக்கியாகிவிட்டது. இனி பிரிக்க அதில் துணியில்லை. தனலட்சுமி ஒரு பச்சை ரிப்பனைத் தேடி எடுத்து அடியில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் போட்டுப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குதித்துக்கொண்டு போனாள். தனலட்சுமிக்கு அதற்குப் பிறகு கத்தரி பிடிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் துணி எடுத்தது ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை. தைத்ததும் உத்தரவாதமில்லை. ஸ்டுடியோவில் என்ன நடந்தது என்று ஜோசியானின் ஞானத்தாய் தனலட்சுமியிடம் சொல்லியிருந்தாள். முதலில் ஐந்து பேரையும் வைத்து ஒன்று எடுத்தார்களாம். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஜோசியானைக் கீழே இறக்கிவிட்டு நாலு பேரை வைத்து இன்னொன்று. எது நன்றாக வருகிறதோ அதை அனுப்பலாமே! இதில் யாருடைய குற்றமும் இல்லை பாருங்கள். நாலு பேர் போட்டோ நன்றாக வந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு வீட்டில் இரண்டாவது போட்டோவுக்குக்கூட அவசியம் இருக்கவில்லையாம். ஓரத்தில் நின்ற பிள்ளையைக் கத்தரியால் நறுக்கிவிட்டார்களாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு இரண்டு பயம். ஒன்று, அந்த இரண்டாவது போட்டோ. மற்றது, ஓரம்.

எட்மோன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் மேல் உயிர்தான். சம்பள நாளில் ஒதிலுக்கு மிட்டாய் வாங்காமல் வந்ததில்லை. ஆனால் பயந்த மனுஷன். பயந்தவன் எதைச் செய்வான், எதைச் செய்யமாட்டான் என்று கட்டின மனைவியால்கூடச் சொல்ல முடியாது. "நம்ம ஒதிலை விட்டுட்டுப் போகமாட்டீங்களே?" என்று கேட்டுவிடலாம் என்று அவள் தினமும் நினைத்தாள். சாப்பாடு போடும்போது வாய் வரை வரும். அவன் மனசில் அப்படி ஒன்று இல்லாமலிருந்து, தானே போய் அதை விதைத்துவிட்டால்? குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கேட்க முடியாததை அவள் தைத்தாள். ஒரே துணியாக இருந்தால் கண் பிரிக்காது என்றாளே மிரெய், அதையே பிடித்துக்கொண்டாள். கண் பிரிக்காதது மட்டும் போதாது, கத்தரியும் பிரிக்கக் கூடாது. ஒதிலின் கவுனுக்குப் பாவாடையைச் சாதாரண அளவில் வெட்டவில்லை. தன் கவுனைச் சுருக்கமே இல்லாமல் ஒட்ட வெட்டி, மிஞ்சிய துணியையெல்லாம் ஒதிலின் பாவாடையில் போட்டாள். விரித்தால் ஒரு மேசை விரிப்புக்கு வரும். அந்தப் பெண்ணை நடுவில் உட்கார வைத்தால் பாவாடை இந்தப் பக்கம் அப்பா முழங்கால் மேலும், அந்தப் பக்கம் அண்ணன் முழங்கால் மேலும் விழும். எது யாருடைய துணி என்று தெரியாது. அவளை வெட்டினால் அப்பன் காலையும் அண்ணன் காலையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

"இவ்வளவு எதுக்கும்மா?" என்றாள் ஒதில், போட்டுப் பார்த்துவிட்டு. "நான் கோழி அடைகாக்கிற மாதிரி இருக்கேன்."

"இருடி தங்கம். அதான் அழகு," என்றாள் தனலட்சுமி தமிழில்.

எட்மோன் வந்து பார்த்தான். "துணி மிஞ்சும்னு நெனச்சேனே," என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

போட்டோவுக்குப் போன சனிக்கிழமை நல்ல வெயில். அங்கே கோடை தொடங்குகிற நவம்பர் வெயிலில் முழுக்கையும் கையுறையும் போட்டுக்கொண்டு நாலு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். நல்லவேளை, வெண்ணெய் நிறம். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. தேர்தல் முடிந்தும் சட்டை நிறத்தைப் பார்த்து எந்தக் கட்சி என்று முடிவு கட்டுகிறவர்கள் தெருவில் இருந்தார்கள். இந்த நிறத்துக்குக் கட்சி இல்லை. ஆனால் இதைப் பார்த்தவுடனே எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. "ஆஸ்திரேலியா!" என்று ரொட்டிக்கடை வாசலிலிருந்து ஒருவன் கத்தினான். எட்மோன் காதில் விழாத மாதிரி பஸ் வரும் பக்கம் பார்த்தான்.

தனலட்சுமி பொட்டை அழித்திருந்தாள். இத்தனை வருஷம் பொட்டு இருந்த இடம் மட்டும் நெற்றியில் வட்டமாக வேறு நிறத்தில் தெரிந்தது. அதன்மேல் பவுடரை அப்பியிருந்தாள். தாலி உயர்ந்த காலருக்குள் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

போட்டோகிராபர் லூயியின் ஸ்டுடியோ ரோஸ்-ஹில்லில் சந்தைக்குப் பின்பக்கம். நாட்டில் பயம் கூடக்கூட அவன் வியாபாரமும் கூடியது. உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பம் வெளிர் ரோஜா நிறத்தில் உட்கார்ந்திருந்தது. எட்மோன் வீட்டுக்கு வேண்டியவர்கள்தான், போன மாசம் கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்துப் பேசியவர்கள்தான். இன்றைக்கு இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் சொல்லக் கூசுகிற வியாதிக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர்கள் முறை வந்தது. லூயி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தான். ஒதிலிடம் வந்ததும் பார்வை நின்றது. ஒதிலிலிருந்து தனலட்சுமிக்கு, தனலட்சுமியிலிருந்து மறுபடி ஒதிலுக்கு, இரண்டு முறை போய்வந்தது. எடை போடுகிறான் என்று தெரிந்தது.

"துணி பிரமாதம், மதாம்," என்றான். "நிறம் சரியா எடுத்திருக்கீங்க." சுவரோரம் இருந்த பெரிய பவுடர் டப்பாவைத் திறந்து ஒதில் முகத்திலும் கழுத்திலும் தானே பூசினான். தும்மல் வந்தது பிள்ளைக்கு. பிறகு எட்மோனைப் பார்த்துப் பெஞ்சைக் காட்டினான். "மெஸ்யே நடுவுல. பையன் பக்கத்துல. மதாம் இந்தப் பக்கம். சின்னவ இங்க, ஓரத்துல."

"ஓரத்துல வேண்டாம்," என்றாள் தனலட்சுமி.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. எட்மோன் திரும்பிப் பார்த்தான்.

"பாவாடையை நடுவுல உட்கார்ந்து விரிக்கிற மாதிரி வெட்டியிருக்கேன்," என்றாள். "ஓரத்துல உட்கார்ந்தா பாதி தரையில கிடக்கும். நடுவுல உட்காரட்டும். நான் ஓரத்துல இருந்துக்கறேன்."

லூயி எட்மோனைப் பார்த்தான். தைத்தவள் சொல்கிறாளே என்று எட்மோன் தோளைக் குலுக்கினான். அப்படியே உட்கார்ந்தார்கள். ஒரு கோடியில் எட்மோன், அடுத்து ஒதில், அடுத்து ஜான்-போல், கடைசியில் தனலட்சுமி. மண்டியிட்டுப் பாவாடையை அவளே விரித்தாள். அப்பா முழங்கால் மேல் ஒரு மடிப்பு, அண்ணன் முழங்கால் மேல் ஒரு மடிப்பு. ஜான்-போலின் சட்டைக்கையும் அவள் கவுனின் கையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பரப்பாகப் போனது. அது போதவில்லை அவளுக்கு. லூயி கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், ஜான்-போலின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, ஒதிலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபிறகுதான் அசையாமல் இருக்க முடிந்தது.

விளக்கு பளீரென்று வெட்டியது. முடிந்தது.

"இன்னொண்ணு," என்றான் லூயி, தலையை வெளியே எடுத்தபடி. குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி. "எதுக்கும் இருக்கட்டும். எல்லாரும் எடுத்துக்கறாங்க. சின்னவ மட்டும் இறங்கி இங்க என் பக்கத்துல வந்து நிக்கட்டும். மூணு பேரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க."

தனலட்சுமி இவ்வளவு நாள் எதற்குப் பயந்தாளோ அது பேச்சுவாக்கில் வந்து நின்றுவிட்டது. எட்மோன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டான். ஒதில் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பாவாடையை அள்ளிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு எட்மோனின் செத்துப்போன அண்ணன் இவ் நினைவுக்கு வந்தான்.

மாமியார் வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஒரு போட்டோ உண்டு. மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்தது. மூன்று பையன்கள், நடுவில் இவ். அந்த வருஷமே கடலில் மூழ்கிப் போனான். மூன்று பேராகப் போட்டோ எடுத்தால் நடுவில் இருப்பவன் தங்கமாட்டான் என்று தெரிந்தும் நிற்க வைத்தேனே என்று மாமியார் இன்றைக்கும் மாரில் அடித்துக்கொள்வாள். மாதா கோயிலுக்குப் போனாலும் பொன்னுசாமி வீட்டு ரத்தம் எங்கே போகும்? எட்மோனும் அப்படித்தான். சர்ச்சுக் கல்யாணத்தில்கூட மூன்று பேராக நிற்கச் சொன்னால் யாரையாவது கையைப் பிடித்து இழுத்து நாலாக்கிவிடுவான்.

"ஜான்-போல் அப்பா," என்றாள். பெயர் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. "மூணு பேரு ஆகுது."

அவன் அவளைப் பார்த்தான்.

"நீங்க, நான். நடுவுல ஜான்-போல்."

எட்மோன் மகனைத் திரும்பிப் பார்த்தான். பவுடர் பூசாமலேயே தகப்பன் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று எழுந்தே விட்டான். "வேண்டாம், லூயி. ஒண்ணு போதும்," என்றான். லூயி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போதும்னா போதும்!" என்று கத்தினான் எட்மோன். வெளியே காத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனலட்சுமி ஒதிலை மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார்களா என்று யாராவது சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. எட்மோன் மட்டும் ஸ்டுடியோ வாசலில் லூயியோடு தனியாக நின்று ஏதோ பேசிவிட்டு வந்தான். கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது எட்மோன் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அவள் உறையைப் பிரித்துப் போட்டோவை எடுத்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. பாவாடையைத்தான் பார்த்தாள். அவள் நினைத்தபடியே விழுந்திருந்தது. ஒதில் அப்பாவிலும் அண்ணனிலும் முளைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கத்தரி நுழைய ஒரு நூல் இடம் இல்லை. பவுடரும் விளக்கும் சேர்ந்து அவள் முகத்தை ஒரு மாதிரியாக்கியிருந்தன. ஆனாலும் அது ஒதில்தான்.

"நல்லா வந்திருக்கு," என்றாள்.

"ஒதில் நல்லாத்தான் வந்திருக்கா," என்றான் எட்மோன். அவன் உட்காரவில்லை. "லூயியும் அதான் சொல்றான். தனியாப் பார்த்தா அவ கறுப்புன்னே தெரியலையாம். வெயில்ல ஓடியாடின பிள்ளை, அவ்வளவுதான்."

"தனியான்னா?"

அவன் அவள் தையல் பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "நீ பக்கத்துல இருக்கிறதாலதான், போலெட். அவளைப் பார்க்கிற கண்ணு உன்னைப் பார்க்குது. உன்னைப் பார்த்துட்டு மறுபடி அவளைப் பார்க்குது. அப்பத்தான் தெரியுது." தொண்டையைச் செருமினான். "ஆறு மாசம். நாங்க போய் இறங்கி ஒரு வீடு பார்த்ததும், ஆறே மாசத்துல உன்னைக் கூப்பிட்டுக்கறேன். மாதா மேல சத்தியம்."

ஸ்டுடியோவில் லூயியின் பார்வை எதை எடை போட்டது என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"ஒதில் போவாளா?" என்று கேட்டாள். "நிச்சயமா போவாளா? அவளை விட்டுட மாட்டீங்களே?"

"விடமாட்டேன். அதுக்காகத்தானே இது."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிள்ளை போகிறாள். பச்சைக் கவுனை இறக்கிக்கொண்டு தெருக்கோடியில் நிற்கமாட்டாள். நிற்பது தானாக இருந்தால் இருக்கட்டும். தான் வளர்ந்தவள், கவுன் குட்டையாகப் போகாது. அப்படி நினைத்து முடிப்பதற்குள் போட்டோவை இன்னொரு முறை பார்த்தாள். தன்னை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

எட்மோன். ஒதில். ஜான்-போல்.

மூன்று பேர். நடுவில் ஒதில்.

நடுவில் உட்கார வைத்தவள் அவள்தான். லூயி ஓரத்தில் போடு என்றான், கேட்கவில்லையே. எட்மோனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. நடுவில் ஜான்-போல் என்றதும் துள்ளி எழுந்தவன், நடுவில் ஒதில் என்பதைக் கவனிக்கவே இல்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வான்? தானும் மகனுமாக இரண்டு பேர் போய் உட்கார்ந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். இரண்டு பேருக்குத் தோஷம் இல்லை. சொன்னால் பிள்ளை இங்கேயே நிற்பாள். சொல்லாவிட்டால் பிள்ளை நடுவில் இருப்பாள். ஸ்டுடியோவில் பிள்ளையைக் காப்பாற்றிய அதே வார்த்தையை இப்போது வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"என்ன அப்படிப் பார்க்கிறே?" என்றான் எட்மோன்.

"ஒண்ணுமில்ல."

அவன் கத்தரியைப் போட்டோவின் ஓரத்துக்குக் கொண்டுபோனான். கொண்டுபோனவன் நிறுத்தினான். கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தான். ஜான்-போலின் சட்டையும் அவள் கவுனும் ஒரே வெளிர்ப் பரப்பாக ஒன்றில் ஒன்று கலந்து கிடந்தன. கத்தரியைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினான்.

"எனக்குத் தெரியல, போலெட்," என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதையும் சொல்ல வேண்டும். "எங்க அவன் முடியறான், எங்க நீ ஆரம்பிக்கிறேன்னே தெரியல. நீதானே தைச்சே."

அவள் வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். ஜான்-போலின் தோள் தையல் எங்கே வருகிறது, கை மடிப்பு எங்கே திரும்புகிறது, எல்லாம் அவள் ஊசி போன வழி. மேலிருந்து தொடங்கினாள். அவன் காதுக்குப் பக்கத்தில், தோளை ஒட்டி, சட்டைக்கையின் ஓரமாக. கீழ் விளிம்பு வரை நிற்காமல் வெட்டினாள். அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

எட்மோன் வெட்டின போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "இது என்ன?" என்றான். ஒதிலின் தோளில் வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று இருந்தது. ஜான்-போலின் முதுகுக்குப் பின்னால் நீட்டியது. கைக்குச் சொந்தக்காரி இல்லை, கை மட்டும் இருந்தது. "லூயிகிட்ட கொடுத்து இதையும் சுரண்டி எடுத்துடச் சொல்றேன்."

"வேண்டாம்." அவள் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். "தொடாதீங்க. அது இருக்கட்டும்."

"யாரு கைன்னு கேட்டா?"

"உங்க அம்மா கைன்னு சொல்லுங்க. கையுறைதானே தெரியுது, நிறமா தெரியுது?"

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் போட்டோவை மேசையில் வைத்து, விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினாள். எட்மோன். ஒதில். ஜான்-போல். கையுறை போட்ட அந்தக் கை. நாலு. திரும்பவும் எண்ணினாள், நாலுதான் வந்தது. முருகா, இதை நாலாகவே எடுத்துக்கொள் என்று தமிழில் வேண்டிக்கொண்டாள். முருகன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் ஒதிலும் ஜோசியானும் பாட்டுப் பாடிக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குக் கீழே விழுந்திருந்த துண்டைக் குனிந்து எடுத்தாள். வெளிர் கவுன் போட்ட ஒருத்தி அதில் நேராக உட்கார்ந்திருந்தாள், ஒரு கை இல்லாமல்.